ஒற்றைப் புள்ளி

ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைக்கும் கம்பிச் சுருளுக்கான அளவு மைக்ரோஹென்றியில் இருந்தது. அக்கா பவுலினின் மீட்டரோ மில்லிஹென்றியில்தான் காட்டும். மாற்றிச் சொல்லக் கேட்டிருந்தாள். கம்பெனி வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த சூசை போனிடம் பேசினான்; போன் எழுதிக்கொண்டது. "நானூத்தி எழுபது மைக்ரோஹென்றின்னா புள்ளி நாலு ஏழு மில்லிஹென்றிக்கா." படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டான்.

சாயங்காலம் அவள் குரல் வந்தது. திருவிழாவுக்கு அவள் செய்து தரும் முதல் ஸ்பீக்கர் பெட்டி அது. "எலேய் சூசை, மீட்டர் நாப்பத்தேழு காட்டுற வரைக்கும் சுத்திட்டேம்ல. கம்பி பத்தாம பழைய டிரான்ஸ்பார்மரையும் பிரிச்சுட்டேன். கையெல்லாம் பொத்துப்போச்சு. டிப்ளமோ படிச்ச தம்பி சொன்னா சரியாத்தான இருக்கும்?" கூடவே ஒரு படம். உள்ளங்கையில் அடங்க வேண்டிய செம்புச் சுருள், பூசணிக்காய் போல அவள் மடியை அடைத்துக்கொண்டிருந்தது.

காலையில் அனுப்பியதைத் தேடி எடுத்தான். "470 மைக்ரோஹென்றின்னா. 47 மில்லிஹென்றிக்கா." அவன் சொன்ன புள்ளியை போன் முற்றுப்புள்ளியாக்கி முந்தைய சொல்லோடு ஒட்டியிருந்தது. 0.47 இருக்க வேண்டிய இடத்தில் 47. நூறு மடங்கு.

"போன் தப்பா எழுதிருச்சுக்கா" என்றான் போனிடம். அழித்தான். "நான் பாக்காம அனுப்பிட்டேன்க்கா." அதையும் அழித்தான். கடைசியில் ஒரே ஒரு சொல் சொன்னான்: "புள்ளி." திரையில் ஒரு புள்ளி விழுந்தது. அதை அனுப்பினான்.

உடனே பதில் வந்தது. "என்னல, ஒத்தப் புள்ளி வச்சிருக்க? சுருளு பெட்டிக்குள்ள நுழையல. பெட்டிய அறுத்துப் பெருசாக்கிக்கிடுதேன், என்ன?" அவள் குரலுக்குப் பின்னால் ரம்பம் மரத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது.