எல்லாவற்றையும் மாற்று

டைப் அடிக்கிற பெண்ணின் விரல்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மவுஸைத் தொடவே இல்லை. கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி. பழைய மனு ஒன்று மொத்தமாக நீலமானது. அடுத்த தட்டலில் புதுப் பக்கத்தில் வந்து விழுந்தது.

"ரெண்டு பேர் பேரையும் சொல்லுங்கக்கா."

தன் பேரையும் புருஷன் பேரையும் சொன்னாள். பொற்கொடி. முருகவேல்.

கன்ட்ரோல் எச். 'எல்லாவற்றையும் மாற்று.'

யாரோ ஒருத்தியின் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் பொற்கொடி. யாரோ ஒருவன் இருந்த இடத்தில் எல்லாம் முருகவேல். கல்யாணத்துக்குக்கூட பத்திரிகை அடிக்க ஒரு வாரம் ஆனது. பிரிவதற்கு இவ்வளவுதான் போலிருக்கிறது.

கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் இருந்தது அந்த டைப்பிங் கடை. பக்கத்து நாற்காலியில் அண்ணன். பஸ்ஸில் வரும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ரெண்டு பேரும் மனமொத்துப் பிரிகிறீர்கள், மாப்பிள்ளைமேல் ஒரு குறையும் எழுதக்கூடாது, சனி ஞாயிறு பாப்பா அவரிடம் இருக்கட்டும், அதோடு தீர்ந்தது.

அவளும் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள். அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அம்மாவிடமும் வரவில்லை. வக்கீல் கேட்டபோதும், "ஒத்து வரல சார்" என்று சொல்லித் தொலைத்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் வருகிற சனிக்கிழமையே பாப்பா அங்கே போக வேண்டும்.



திரையில் வரிகள் ஓடின. அவளும் கூடவே படித்துக்கொண்டு வந்தாள். ஒரு பத்தியில் கண் அப்படியே நின்றுவிட்டது.

'முருகவேல் கோபம் வந்தால் பொற்கொடியைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே தாழிடுவார். விளக்கையும் அணைத்துவிடுவார். விடிந்த பிறகுதான் திறப்பார்.'



யாரிடமும் சொல்லவில்லையே. இவளுக்கு எப்படித் தெரியும்?

டைப் அடிக்கிற பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, இது வேற ஒருத்தங்க கேஸுக்கா. அவசரத்துல தப்பான ஃபைல எடுத்துட்டேன். இந்தா, எடுத்துர்றேன்."

ஷிஃப்டை அழுத்தினாள். அந்தப் பத்தி மட்டும் நீலமானது. விரல் டெலீட்டுக்குப் போனது.

அண்ணன் போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். படித்தான்.

"எடும்மா, எடு. எங்க மாப்பிள்ளை அப்படிப்பட்ட ஆளில்ல."

எவளோ ஒருத்தி. அவளும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாள், மகராசி.

பொற்கொடி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அது இருக்கட்டும்."

"அக்கா, இது உங்களோடது இல்லக்கா."

"என்னோடதுதான்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

"தாழ் போடுற அந்த வரியில, என் பேருக்குப் பக்கத்துல பாப்பா பேரையும் சேர்த்துருங்க."