கடைசித் தேய்ப்பு

யானைக்கு முதுகு அரித்தது. ஏழு மாடிக் கரையான் புற்றில் சாய்ந்து தேய்த்தது. புற்று கிடுகிடுவென்று ஆடியது.

கணக்குப் போடும் கரையான் ஒன்று வெளியே ஓடிவந்தது. "அண்ணே, அப்படியே நில்லுங்க! எந்த மாடி எவ்வளவு ஆடுதுன்னு கணக்கு போடறேன். இந்த ஆட்டத்தை வச்சுத்தான் அடுத்த ஆட்டம் தெரியும். நான் சொன்னப்புறம் அடுத்த தேய்ப்பு!"

யானை பாவம், ஒரு தடவை தேய்க்கும், காத்து நிற்கும். அப்படி நின்று நின்றே அரிப்பு அடங்கிவிட்டது.

"வரேன் தம்பி."

"ஐயையோ, போகாதீங்கண்ணே! புத்து நிக்குமா விழுமான்னு கடைசி விடை மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு தேய்ப்பு, நல்லா அழுத்தி!"

யானைக்கு இளகின மனசு. அழுத்தித் தேய்த்தது.

மண்மேட்டுக்கு அடியிலிருந்து உற்சாகமாக ஒரு குரல் கேட்டது: "விழும்ணே!"