மருமகள் வாங்கிப் போனது

"ஏம்மணி, எம்பட மருமக இங்க வந்து என்ன வாங்கிட்டுப் போறா?"

மருந்துக் கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மோகனப்பிரியா நிமிர்ந்தாள். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார். திரையில் கைக்குழந்தையோடு சாய்ப்ரியா.

"ஆருங்க இவங்க?" என்று மோகனப்பிரியா கேட்டுப் பார்த்தாள். குரல் அவளுக்கே பொய்யாகத் தெரிந்தது.

"தெரியாத மாதிரிக் கேக்காத கண்ணு. போன புதங்கெழமை அவ பஸ்ஸ விட்டு எறங்கி நேரா இங்கதான் வந்தா. பின்னாலயே கார்ல நானும் வந்தேன். எங்கூரு கருமத்தம்பட்டியில இல்லாத மெடிக்கலா? அன்னூருக்கு பஸ்ஸேறி வர்ற அளவுக்கு அப்படி என்ன மருந்து?"

மோகனப்பிரியாவுக்குச் சாய்ப்ரியா முதன்முதலாக வந்த நாள் கண்முன் வந்தது. கடையில் கூட்டம் கலையும்வரை சோப்பையும் பேஸ்ட்டையும் எடுத்து எடுத்துப் பார்த்தபடி நின்றிருந்தாள். ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டதும் உடைந்து அழுதுவிட்டாள். குழந்தை பிறந்து ஐந்து மாதம். இருமினாலும், தும்மினாலும், குழந்தையைத் தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடுகிறது.

"எங்க அத்தைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதானுங்க. சீக்காளிப் பொண்ணக் கட்டி வெச்சுட்டாங்கன்னு எங்கம்மா ஊட்டுக்கே அனுப்பிப்போடுவாங்க."

அந்த அத்தைதான் இப்போது எதிரே நிற்கிறார்.

இப்படிச் சிறுநீர்க் கசிவோடு வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று மருந்துக் கடை ஊழியர்களுக்குக் கோவையில் ஒருநாள் பயிற்சி நடந்தபோது, முதலாளி கிருபாசங்கர் இவளைத்தான் அனுப்பியிருந்தார். எந்த பேட் பொருந்தும், சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சியை எப்படிச் சொல்லித் தருவது, யாரைக் கட்டாயம் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். வந்தவர் சொன்னதை அவர் வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது என்றும் சொன்னார்கள். அன்று தலையாட்டிவிட்டு வருவது சுலபமாக இருந்தது.

"அதச் சொல்ல முடியாதுங்கம்மா. கடைக்கு ஆரு வந்தாங்க, என்ன வாங்குனாங்கன்னு நாங்க ஆருகிட்டயும் சொல்றதில்லைங்க."

"நான் அவ மாமியா, ராமாமணி. எனக்குத் தெரியாம எங்கூட்டுல ஒரு துரும்பு அசையாது. தூக்க மாத்திரையா? கருத்தடை மாத்திரையா? இல்ல, வேற ஏதாச்சும் கெட்ட சீக்கா?"

"அய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"அப்ப, என்னன்னு உனக்குத் தெரியும்!"

மோகனப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை கூடுதலாக விட்டுவிட்டாள். ராமாமணியின் பார்வை அவளைத் தாண்டி, ஒவ்வோர் அலமாரியாக மேய்ந்துகொண்டு வந்தது. கீழ்த்தட்டில், சாய்ப்ரியா வாங்கிப்போகும் பேட் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில் வந்து நின்றது. மோகனப்பிரியா மெல்ல நகர்ந்து அதை மறைத்து நின்றாள்.

"உங்க மொதலாளி நம்பரு போர்டுலயே எழுதிருக்குது. கூப்புடட்டுமா?" ராமாமணி எண்களை அழுத்தினார். போன் ஒலிப்பது மோகனப்பிரியாவுக்கும் கேட்டது. "எம் பையன் கிஷன் காதுல போட்டன்னா, இன்னிக்குப் பொழுதுக்குள்ள அவள அவங்கம்மா ஊட்டுல கொண்டுபோய் உட்டுருவான். நீயே சொல்லிப்போட்டா பிரச்சினை இல்ல. கடைசியாக் கேக்கறேன்."

மோகனப்பிரியாவுக்கு வேலை போய்விடும். அதைவிட, அழுதுகொண்டு நின்ற அந்தப் பெண்ணின் வாழ்க்கை தன் நாக்கு நுனியில் தொங்குவது போலிருந்தது.

"மொதலாளிகிட்டச் சொல்லிக்கோங்கம்மா. என்னைய இன்னிக்கே நிறுத்துனாலும் சரிங்க. அவங்க வாங்குனது என்னன்னு எம்பட வாயில இருந்து வராதுங்க." சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

மறுமுனையில் எடுப்பதற்குள் ராமாமணி அழைப்பைத் துண்டித்தார். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தெருவில் தெரிந்த முகம் எதுவும் இல்லை. கவுண்டர்மேல் குனிந்தார். இத்தனை நேரம் கடையை அதிர வைத்த குரல், கிசுகிசுப்பாக இறங்கியது.

"அவ என்ன வாங்கறான்னு எனக்குத் தெரியும் கண்ணு. குப்பைக் கூடையில பாத்துப்போட்டேன். நீ வெளிய சொல்லுவியான்னுதான் எனக்குப் பயம்." ராமாமணி கீழ்த்தட்டைக் கண்ணால் காட்டினார். "அதுலயே எனக்கும் ஒரு பாக்கெட்டுக் குடு. கிஷன் பொறந்ததுல இருந்து முப்பத்தோரு வருசமா, ஆருகிட்டயும் சொல்லாம, பழைய சீலையக் கிழிச்சு மடிச்சு வெச்சே காலத்த ஓட்டிப்போட்டேன்."