சாவி போடாமல் ரேடியோ

“சாவியைத் திருகினாலே ரேடியோ பாடுதே தம்பி, எதுக்கு ஒயரை மாத்தணும்?” என்றார் கார் எலக்ட்ரீஷியன்.

“சாவி போட்டா பெல்ட் மாட்டச் சொல்லி டிங் டிங்னு கத்துதுண்ணே. அந்தச் சத்தம் ஆகாது. ஆறு மணிக்கு அம்மா போன் பண்ணுவாங்க. அதுக்குள்ள முடியலன்னா என்னை ஊருக்கே வரச் சொல்லிடுவாங்க.”

“பேட்டரி இறங்கி, காலையில வண்டி கிளம்பாதே?”

“பரவாயில்லண்ணே.”

“இது காரா, கச்சேரி மேடையா?”

“பாட்டு வேண்டாம். நாலு பேர் பேசுற ஸ்டேஷனா வைங்க.”

ரேடியோவின் சிவப்பு ஒயரைச் சாவி இணைப்பிலிருந்து பிரித்து, பேட்டரியிலிருந்து நேராக வரும் மஞ்சள் ஒயரோடு அவர் முறுக்கினார். ரேடியோ பேசத் தொடங்கியபோதே போனும் அடித்தது.

“ரூம்லதாம்மா இருக்கேன். கூட இருக்கிற பசங்க பேசுறது கேக்குதுல்ல?”

எலக்ட்ரீஷியன் நிமிர்ந்து பின்சீட்டைப் பார்த்தார். தலையணை, போர்வை, டம்ளரில் பல் துலக்கும் பிரஷ்.

டேப் சுற்றாத ஒயர் முறுக்கு நழுவி, ரேடியோ நின்றது.

“என்னடா திடீர்னு அமைதியாயிடுச்சு? தனியாவா இருக்கே?” போனில் அம்மாவின் குரல் உயர்ந்தது.

அவன் ரேடியோ பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தான்.

“டேய்!” என்று சத்தம் போட்டார் எலக்ட்ரீஷியன். “சோறு ஆறுது. அம்மாகிட்ட சொல்லிட்டு சாப்பிட வாடா!”