தீர்த்தகிரியின் தள்ளாட்டம்

"குடிகாரனுக்கு ஸ்கேன் ஒண்ணுதான் கேடு," என்று முணுமுணுத்தான் இளவழகன்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருக்கிறவன். அவன் அப்பா தீர்த்தகிரி, சேலத்து ஸ்கேன் சென்டரில் மெஷினுக்குள் அசையாமல் படுத்திருந்தார். தள்ளாடி விழுந்து மண்டையில் அடிபட்டதால் வந்த அலைச்சல்.

ஒரு வருஷமாகவே இந்தக் கூத்துதான். காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். வேட்டியை நனைத்துக்கொள்வார். கிட்டே போனால் பிராந்தி நாற்றம் குப்பென்று அடிக்கும். மகன் எவ்வளவு கத்தினாலும் மனுஷன் வாயே திறக்க மாட்டார்.

போன மாதம் தன் மகள் நிலாவைப் பெண் பார்க்க வந்தபோது, மானம் போய்விடும் என்று பெற்ற அப்பனை லாரி ஷெட்டில் வைத்துப் பூட்டிவிட்டான் இளவழகன்.

டாக்டர் கோகிலவாணி அவனை உள்ளே கூப்பிட்டார்.

"மூளைக்குள்ள ஒரு நீர் மெதுவா ஓடிட்டே இருக்கும்ங்க. அந்த ஓட்டத்தைத்தான் ஸ்கேன்ல அளந்து பார்த்தோம். உங்கப்பாவுக்கு அது வடியாம தேங்கி நிக்குது. அதான் நடை தடுமாறுது, ஒண்ணுக்கு அடங்க மாட்டேங்குது. ஆபரேஷன் பண்ணி வடிய உட்டா நடை தேறும். இவ்வளவு நாள் ஏன் உட்டீங்க?"

"அவரு குடிக்கறாருங்க டாக்டர். அந்தத் தள்ளாட்டம்னு நெனச்சுட்டோம்."

"யாரு சொன்னா? ரத்தம், ஈரல் எல்லாம் பார்த்தாச்சு. குடிக்கற ஆளாவே தெரியலைங்க."

இளவழகனுக்கு முகம் செத்துப்போனது. அன்றைக்கு ஷெட்டுக்குள்ளிருந்து அப்பா தண்ணீர் கேட்டதும், அதற்குத் தான் சொன்ன வார்த்தையும் ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அப்பா சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகன் குனிந்து போட்டுவிட்டான். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

"ஏனுங்கப்பா, அப்ப அந்த நாத்தம் எப்படிங்க வந்துச்சு?"

"டிரைவர் பசங்க ஷெட்டுல போடற பாட்டில்ல மிச்சம் மீதி இருக்கும் சாமி. எடுத்துச் சட்டையில தெளிச்சுக்குவேன்."

"எதுக்குங்கப்பா?"

தீர்த்தகிரி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தலையில என்னமோ கோளாறுன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. தாத்தன் குடிகாரன்னா மாப்ள ஊட்டுல சிரிச்சுட்டு உட்டுருவாங்க. மூளைக் கோளாறுன்னு தெரிஞ்சா நம்ம நிலாவைக் கட்டுவாங்களா?"