கல்லில் வெட்டிய எண்

அப்பாவின் சமாதிக் கல்லில் பெயர் இல்லை. தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாதது என்று பதினெட்டு ஆண்டுகள் உழைத்து அவர் நிறுவிய பதினோரு இலக்க எண் மட்டுமே இருக்கிறது. எங்கள் குடும்பத்தின் பெருமை அதுதான். அவருடைய நினைவு நாளில் என் மருமகள் தமயந்தி அதைக் கைபேசியில் போட்டுப் பார்த்துத் தயங்கினாள். “மாமா, இது 48,619-ஆல மீதியில்லாம வகுபடுது.”

“அந்தக் கல்லு உன் ஃபோனை விட மூத்ததும்மா” என்று அதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பழைய நோட்டைப் புரட்டினேன். வகுத்தல்களை அப்பா பிள்ளைகள் ஐவருக்கும் பங்கிட்டுக் கொடுத்திருந்தார். 48,619-க்கு நேரே ‘மீதி உண்டு’ என்றிருந்தது. என் கையெழுத்து. வகுக்காமலே எழுதியது.

மறுநாள் கல்தச்சரை வரவழைத்தேன். “எண்ணை அழிச்சிரட்டுங்களா ஐயா?”

“வேண்டாம். அதுக்குக் கீழ 48,619-ன்னு வெட்டுங்க. பக்கத்துல என் பேரையும்.”