ஐந்து நாள் போதும் சார்

சர்ரென்று இரண்டாகக் கிழிந்தது லீவு விண்ணப்பம்.

"பத்து நாளா? இதை எழுதின கைக்கு வெட்கமா இல்லை?" என்று சீறினார் கடுகு.

அந்தக் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் பர்சனல் ஆபீசருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் அது. வாயைத் திறந்தால் வெடிப்பார்.

அவள் கூனிக் குறுகி நின்றாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் பார்க்கிற வேலை, பதினோரு வருஷமாக. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, வருகிற திங்கட்கிழமைதான் அவள் வீட்டுக்கு ஒரு குழந்தை வருகிறது. காப்பகத்திலிருந்து, எட்டு மாதப் பெண் குழந்தை.

எதிர் மேஜையில் இருந்த மானேஜர் உச்சுக் கொட்டினார்.

"பாவம் சார், விடுங்க. அனாதைக் குழந்தைக்கு வாழ்வு குடுக்கறாங்க, எவ்வளவு பெரிய புண்ணியம்! சம்பளமில்லாம பத்து நாள்னு எழுதச் சொன்னதே நான்தான். ஏதோ கம்பெனியால முடிஞ்ச உதவி."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கமான மனுஷன்! இந்தக் கடுகும் இருக்கிறதே, மனுஷ ஜென்மமா இது?

திரும்பி வந்து மறுபடி எழுத உட்கார்ந்தாள். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"வயிறும் தள்ளலை, வலியும் காணலை. லீவு மட்டும் வேணுமாக்கும்? ரெடிமேடா வர்ற குழந்தைக்கு எதுக்குடி லீவு?"

எழுதியதை எடுத்துக்கொண்டு போனாள்.

"ஐந்து நாள் போதும் சார். சம்பளம் வேண்டாம்."

இந்தத் தடவை நான்காகக் கிழித்தார்.

"அடுத்தது என்ன? மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஓடிப்போய்க் குழந்தையைப் பார்த்துட்டு வந்துடறேன்னு எழுதுவியா?"

"சார், புது முகத்தைப் பார்த்தா அது வீறிட்டு அழுவுது. அஞ்சு நாளாவது கூட இருந்தாத்தான் என் முகம் அதுக்குப் பழகும்..." முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

கடுகு ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு டிராயரை இழுத்து, ஒரு பழைய புத்தகத்தை எடுத்து அவள் காலடியில் விட்டெறிந்தார்.

"பதினோரு வருஷமா இங்க குப்பை கொட்டறே. கம்பெனி ரூல்ஸ்ல ஒரு வரி தெரியாது! படிச்சுட்டு வா. படிக்காம இந்த வாசப்படியை மிதிக்காதே!"

"மனசுல வெச்சுக்காதேம்மா, அவரு ஒரு மாதிரி" என்று மானேஜர் பரிவோடு சிரித்தார்.

குழாயடியில் நின்று ஒரு பாடு அழுது தீர்த்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள். ஒரு பக்கம் மட்டும் முனை மடிக்கப்பட்டிருந்தது. சிவப்பு மையில் அடிக்கோடு, மை இன்னும் காயவில்லை போலப் பளிச்சென்று. ஒருமுறை படித்தாள். நம்ப முடியாமல் இன்னொரு முறை படித்தாள்.

கால் மணி நேரத்தில் மூன்றாவது விண்ணப்பம் மேஜைக்கு வந்தது. அதில் 'தயவுகூர்ந்து' இல்லை. 'பெரிய மனது வைத்து' இல்லை. விதி எண் முப்பத்தேழின்படி, தத்தெடுக்கும் தாய்க்கு உரிய பன்னிரண்டு வார விடுப்பு, முழுச் சம்பளத்துடன். அவ்வளவுதான்.

கடுகு கிழிக்கவில்லை. கையெழுத்தைப் போட்டு, மானேஜர் பக்கம் தள்ளினார்.

தேன் வழிந்த முகம் சுண்டிப் போயிற்று. "என்ன சார் இது? இவங்களுக்கு யாரு இதைச் சொன்னது?"

"நான் வாயே திறக்கலை சார். 'அவங்களாக் கேட்டாக் குடுத்துத் தொலைக்கணும், அதனால ஒருத்தர்கிட்டேயும் மூச்சு விடாதீங்க'ன்னு நீங்கதானே எனக்கு ஆர்டர் போட்டீங்க?" என்று பேனாவை நீட்டினார் கடுகு. "இப்ப அவங்களாத்தான் கேட்கறாங்க. கையெழுத்துப் போடுங்க."